பதறாத முகம், பதியாத காயம்

பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் 1972 ஜூலையில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. பாலியல் வன்முறைக்கு ஆளான யார் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாலும் இரண்டு பெண்களுக்குத் தொலைபேசியில் தகவல் போகும். ஒருவர் ஆன் பர்ஜெஸ், மனநலச் செவிலியர். மற்றவர் லிண்டா ஹோம்ஸ்ட்ரோம், சமூகவியலாளர். நள்ளிரவோ விடியற்காலையோ, தகவல் வந்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். வந்தவர் பேச விரும்பினால் கேட்பார்கள். அதன்பிறகும் விடமாட்டார்கள். வாரக்கணக்கில் தொலைபேசியில் விசாரிப்பார்கள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கேயும் கூடப் போய் உட்காருவார்கள். ஓராண்டில் அவர்கள் இப்படிச் சந்தித்தவர்கள் 146 பேர். மூன்று வயதுக் குழந்தையும் இருந்தது, எழுபது கடந்த மூதாட்டியும் இருந்தார்.

1974இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை, பாலியல் வன்முறையின் பின்விளைவுகளுக்கு முதல்முறையாக ஒரு மருத்துவ வடிவம் கொடுத்தது. தூக்கம் கலைவது, சாப்பாடு இறங்காதது, உடம்பு வலி, வீடு மாற்றத் தோன்றுவது, தனியாக இருக்கவும் பயம், கூட்டத்தில் இருக்கவும் பயம் என்று அவர்கள் அடுக்கிய அறிகுறிகளெல்லாம் இன்று பாடப்புத்தகத்தில் இருப்பவை. எனக்கு வியப்பளிப்பது அவர்கள் போகிறபோக்கில் குறித்துவைத்த வேறொன்று. மருத்துவமனைக்கு வந்த முதல் சில மணி நேரத்தில் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பது. ஏறக்குறையப் பாதிப் பேர் அழுதார்கள், நடுங்கினார்கள். பதற்றத்தில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். மறுபாதியினர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நம் சினிமா வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு ஒரே முகத்தைத்தான் வைத்திருக்கிறது. கலைந்த தலை, கிழிந்த புடவை, வெறித்த பார்வை. காவல் நிலையத்திலும் வார்டிலும் நீதிமன்றத்திலும் உட்கார்ந்திருப்பவர்களும் அதே சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். அமைதியாகப் பேசுகிற பெண்ணைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் முளைக்கிறது. பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யும் செவிலியர்களும் ஆலோசகர்களும் இந்தச் சந்தேகத்தை முதலில் தங்களுக்குள்ளேயே அணைத்தாக வேண்டியிருந்தது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து விளக்கம் வரப் பல ஆண்டுகள் பிடித்தன. சட்டம் இன்னும் மெதுவாக வந்து சேர்ந்தது.

இந்தக் கதைக்குள் ஒரு கோழி வருகிறது. 1646இல் அதனாசியஸ் கிர்ஷர் என்ற ஜெசுவிட் பாதிரியார் ஒரு செப்பிடுவித்தையைத் தம் புத்தகத்தில் விவரித்தார். கோழியின் காலைக் கட்டித் தரையில் கிடத்துங்கள். அதன் அலகுக்கு முன்னால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுங்கள். பிறகு கட்டை அவிழ்த்தாலும் கோழி எழுந்திருக்காது. அந்தக் கோட்டைக் கயிறென்று கோழி கற்பனை செய்துகொள்கிறது என்பது கிர்ஷரின் விளக்கம். விளக்கம் தவறு. கோடு இல்லாமலும் கோழி அப்படியே கிடக்கும். பிடிபட்டுவிட்டோம், தப்ப வழியில்லை என்ற நிலையில் அதன் உடம்பு தானாகப் பூட்டிக்கொள்கிறது. பல்லி, முயல், சுறா என்று வெகு தூரத்து உறவுகளிடமும் இது உண்டு. நரியின் வாயில் அகப்பட்ட வாத்துகள் செத்ததுபோல் கிடந்து, நரி அசந்த நேரத்தில் எழுந்து ஓடியதை 1975இல் அமெரிக்க விலங்கியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இரை துடிப்பதை நிறுத்தினால் வேட்டையாடும் விலங்கின் வெறி சற்றுத் தணிகிறது. அந்தச் சில நொடிகள் போதும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இயற்கை இந்த ஏற்பாட்டைக் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதற்கான விசை மூளையின் மிகப் பழைய பகுதியில் இருக்கிறது. நடுமூளையில் மூளைநீர் ஓடும் சிறு குழாயைச் சுற்றிலும் சாம்பல் நிறத் திசு ஒன்று உண்டு. ஓடு, எதிர்த்துத் தாக்கு, அசையாமல் கிட என்ற மூன்று கட்டளைகளையும் ஒருங்கிணைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. யோசித்து முடிவெடுக்கிற முன்மூளையிடம் அது அனுமதி கேட்பதில்லை. மனிதருக்கு இது நேரும்போது நினைவு தப்புவதில்லை. கண் பார்க்கிறது, காது கேட்கிறது. கை கால் மட்டும் வராது. தொண்டையிலிருந்து சத்தம் எழாது. உடம்பு குளிர்ந்து, வலிகூட மரத்துப்போவதுண்டு.

கோழிகளின் இந்த உறைநிலையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் கார்டன் கேலப் என்ற உளவியலாளர். கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்று சிம்பன்சிக்குத் தெரியுமா என்று சோதித்துப் பெயர் பெற்றவரும் இவர்தான். 1979இல் சூசன் சுவாரெஸ் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததாகச் சொல்லும் செயலற்ற நிலை, விலங்குகளின் உறைநிலையோடு அடையாளம் அடையாளமாகப் பொருந்துகிறது என்பதுதான் அதன் சாரம்.

ஆண்டைக் கவனியுங்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 1978 செப்டம்பரில், இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை அது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் காவலர் இருவர். உயர் நீதிமன்றம் தண்டித்திருந்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சிறுமியின் உடம்பில் காயமில்லை, ஆகவே எதிர்ப்பு இருந்திருக்காது, ஆகவே இணக்கம் இருந்திருக்க வேண்டும் என்று தர்க்கம் ஓடியது. உபேந்திர பக்‌ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலால் நாடு கொந்தளித்தது. 1983இல் சட்டம் ஓரளவு திருந்தியது. ஆனால் உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்ற வரி சட்டத்தில் ஏற 2013 வரை, டெல்லிக் கூட்டு வன்புணர்வுச் சம்பவத்துக்குப் பிறகு வந்த திருத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கேலப்பின் கோழிக்கும் அந்த வரிக்கும் நடுவே முப்பத்துநான்கு ஆண்டுகள்.

ஆய்வுக்கூட ஊகத்துக்கு வலுவான எண்கள் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தன. அங்கே வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கென்றே இயங்கும் அவசர மருத்துவப் பிரிவில், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் வந்த 298 பெண்களிடம் அன்னா மோலரும் உடன் பணிபுரிந்தவர்களும் விசாரித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு உறைநிலையை அனுபவித்திருந்தார்கள். 48 விழுக்காட்டினருக்கு அது மிகத் தீவிரமாக இருந்தது. ஆக, உறைந்துபோவது விதிவிலக்கு இல்லை. பெரும்பான்மைக்கு நேர்வது அதுதான். கத்தினேன், கடித்தேன், தள்ளிவிட்டேன் என்பவர்கள்தான் சிறுபான்மை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. உறைந்துபோனவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மன அதிர்ச்சிக் கோளாறும் கடும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏன் என்று யோசித்தால் ஒரு காரணம் உடனே தெரிகிறது. நான் ஏன் கத்தவில்லை என்ற கேள்வி. ஊர் கேட்பதற்கு முன்னால் அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். அனுபவமுள்ள ஆலோசகர் இந்தக் கேள்வி வருமென்று எதிர்பார்த்தே இருப்பார். வந்ததும், “அது நீங்க எடுத்த முடிவு இல்லம்மா, உடம்பு தானா செஞ்சது. நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகுது” என்று விளக்குவார். கேட்கச் சாதாரண ஆறுதல் மாதிரி இருக்கும். அதற்குள் நரம்பியல் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

இனி கழுத்து. குடும்ப வன்முறையில் மருத்துவர்களையும் காவலர்களையும் மிக எளிதாக ஏமாற்றுகிற இடம் இது. 1995இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பதின்ம வயதுப் பெண்கள் இருவர், பழகிய ஆண்களாலேயே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்நகர அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றிய கேல் ஸ்ட்ராக், கழுத்தை நெரித்ததாகப் புகார் வந்த 300 கோப்புகளைத் தூசி தட்டினார். பாதிக்குக் குறையாத கோப்புகளில், போன காவலரின் கண்ணுக்குக் கழுத்தில் எதுவுமே தெரியவில்லை. படம் எடுத்து நீதிமன்றத்தில் காட்டும்படியான காயம் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் இருந்தது. காயமில்லை, ஆகவே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றே பல கோப்புகள் அணுகப்பட்டிருந்தன. அதே தர்க்கம்தான்.

கழுத்தின் அமைப்பு அப்படி. தலைக்குப் போன ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஜுகுலர் சிரையை அடைக்கச் சதுர அங்குலத்துக்கு நாலரை பவுண்டு அழுத்தம் போதும். மூளைக்கு ரத்தம் ஏற்றும் கரோட்டிட் தமனிக்குப் பதினொன்று. மூச்சுக்குழாயை நசுக்கத்தான் முப்பதுக்கு மேல் வேண்டும். பெட்ரோல் பங்கில் கார் டயருக்குக் காற்றடிக்கும்போது முள் காட்டுகிற அளவோடு ஒப்பிட்டால், சிரையை அடைக்க அதில் ஏழில் ஒரு பங்கு போதும். மூச்சு நிற்பதற்கு வெகு முன்பே மூளைக்கு ரத்தம் நின்றுவிடும். பத்து நொடிக்குள் நினைவு தப்பும். கை எடுத்ததும் நினைவு திரும்பும். தோலில் கன்றுவதற்குக்கூட நேரமிருக்காது.

ஆனால் உள்ளே தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நாள் கழித்தோ சில வாரம் கழித்தோ மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இளவயதுப் பெண்ணுக்குத் திடீரென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் கழுத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது நரம்பியல் பிரிவுகளில் அறிந்த பாடம். பயிற்சி பெற்ற செவிலியர் கழுத்தைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. இமையைத் தூக்கியும் காதுக்குப் பின்னாலும் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகளைத் தேடுவார். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்கினால் வலிக்கிறதா என்று கேட்பார். அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போய்விட்டதா என்று மெல்லக் கேட்பார். போயிருந்தால் மூளை எவ்வளவு தூரம் போய்த் திரும்பியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். பல பெண்கள் இதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்விகளின் கனம் எவ்வளவு என்பது 2008இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. நான்சி கிளாஸும் ஜாக்குலின் கேம்பெல்லும் மற்றவர்களும் செய்தது. ஒருமுறை துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்டு உயிர் பிழைத்த பெண், பின்னால் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். கன்னத்தில் அறைவதும் கழுத்தைப் பிடிப்பதும் ‘குடும்பச் சண்டை’ என்ற ஒரே தலைப்பில் அடங்குபவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கேம்பெல்லும் செவிலியர்தான். கணவனோ துணைவனோ கொன்றுவிடும் அபாயம் எவ்வளவு என்பதை மதிப்பிட 1980களின் நடுவில் அவர் ஒரு வினாத்தாள் உருவாக்கினார். துப்பாக்கி இருக்கிறதா, குடிக்கிறானா, சந்தேகப்படுகிறானா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறானா என்று போகும். அதில் நான் மிகவும் மெச்சுவது கேள்விகளைவிட, முதலில் அவர் பெண்ணின் கையில் கொடுக்கும் நாட்காட்டியை. போன ஓராண்டில் அடி விழுந்த நாட்களைக் குறிக்கச் சொல்வார். பண்டிகை, குழந்தையின் பிறந்தநாள், சம்பள நாள் என்று நினைவுகூர்ந்து குறித்துக்கொண்டே வரும்போது, கடைசி மாதங்களில் குறிகள் நெருங்கி வருவதைப் பெண் தானே பார்ப்பாள். “முன்னைக்கு இப்ப பரவாயில்ல” என்று சொல்லிக்கொண்டு வந்தவளே தன் பதிலை மாற்றிக்கொள்வதுண்டு. யாரும் அவளுக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது.

“அப்படின்னா விட்டுட்டு வர வேண்டியதுதானே” என்று சுலபமாகக் கேட்பவர்களுக்கும் கேம்பெல்லிடம் பதில் இருக்கிறது. 11 அமெரிக்க நகரங்களில் நடந்த கொலைகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வில், எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருக்கும் ஆணைப் பெண் பிரிகிற காலத்தில்தான் அவள் உயிருக்கு ஆபத்து பல மடங்கு கூடியது. ஆகவே தேர்ந்த ஆலோசகர் ‘கிளம்பிவிடு’ என்று அவசரப்படுத்த மாட்டார். எப்போது, எந்த வழியாக, யார் வீட்டுக்கு, ஆதாரும் குடும்ப அட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும் எங்கே, கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தாமதமாகத் தெரியும்.

பாலியல் வன்முறையில் தடயம் சேகரிப்பதன் கதை தனிக் கதை. 1970களின் சிகாகோவில் மருத்துவமனைகளுக்கு இதில் ஒரு முறையே கிடையாது. துணிகளை வெட்டி எறிவார்கள், கண்ணாடித் தகடுகளில் பெயர் எழுத மாட்டார்கள், எல்லாம் ஒன்றோடொன்று உராய்ந்து கெடும். வீட்டைவிட்டு ஓடிவந்த பதின்ம வயதினரிடையே வேலை செய்த மார்த்தா காடர்ட் என்ற பெண், இதை ஒழுங்குபடுத்த ஒரு பெட்டி போதும் என்று கண்டுகொண்டார். சீப்பு, பஞ்சுக்குச்சிகள், கண்ணாடித் தகடுகள், உறைகள், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்ற குறிப்பு. அவ்வளவுதான். பணத்துக்கு அலைந்தார். கடைசியில் உதவியது பிளேபாய் இதழின் அறக்கட்டளை என்பது வரலாற்றின் குசும்பு. 1978இல் சிகாகோ வட்டார மருத்துவமனைகளில் பெட்டி புழக்கத்துக்கு வந்தபோது அதற்கு இட்ட பெயர், காவல்துறை ஆய்வகத்தைச் சேர்ந்த லூயிஸ் விட்டுல்லோவுடையது. காடர்ட் 2015இல் இறந்தபோது பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

பெட்டியின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வேதியியல் காரணம் உண்டு. ஈரமான துணியைப் பாலித்தீன் பையில் போட்டால் உள்ளே புழுங்கி, பூஞ்சையும் நுண்ணுயிரும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். ஆகவே நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் போட வேண்டும். விந்தணு ஏறத்தாழ மூன்று நாள்வரை தென்படலாம். அதற்குப் பிறகும் ஆணிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமின் குறிப்பிட்ட துண்டுகளைத் தேடும் முறையால், பெண்ணின் பல்லாயிரம் செல்களுக்கு நடுவே ஆணின் சில செல்கள் இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். தடயத்துக்கு ஒரு கடிகாரம் ஓடுவதுபோல் சிகிச்சைக்கும் ஓடுகிறது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எஃப்ஐஆர் இருக்கிறதா என்று கேட்டுப் பெண்ணைக் காவல் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும் மருத்துவமனை இந்த இரண்டு கடிகாரங்களையும் ஓடவிட்டுக் கெடுக்கிறது. 2013 முதல், அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனடியாக இலவசச் சிகிச்சை தர மறுப்பது குற்றம்.

நம் நாட்டில் அறிவியலின் பெயரால் நெடுங்காலம் நடந்த அக்கிரமம் ‘இரண்டு விரல் சோதனை’. பெண் ‘பழக்கப்பட்டவளா’ என்று பார்ப்பதாம். அதற்கு மருத்துவ அடிப்படை எதுவுமில்லை. அதைச் செய்வதே இன்னொரு தாக்குதல். 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டி விலக்கியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் இதை உடனே தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனிச் செய்பவர் நன்னடத்தை தவறியவராவார் என்று அறிவித்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால் அது எங்கெங்கோ நடந்துகொண்டே இருந்தது என்றுதான் அர்த்தம்.

உடம்பைப் பார்ப்பதிலாவது கருவிகள் துணைக்கு இருக்கின்றன. கேட்பதில் அதுவும் இல்லை. பயத்தின் உச்சத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பெருகும்போது, அமிக்டலா என்ற பாதாம்பருப்பளவு பகுதி கவனத்தை ஒரே இடத்தில் குவிக்கிறது. கவனம் பட்டது ஆழமாகப் பதிகிறது, படாதது பதிவதேயில்லை. நிகழ்ச்சிகளை இடத்தோடும் வரிசையோடும் கோக்கும் ஹிப்போகேம்பஸ் அந்த நேரத்தில் சரிவர வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் அவன் சட்டைப் பொத்தானின் நிறம் நினைவிருக்கும், மணி எத்தனை என்று தெரியாது. எது முன், எது பின் என்பது குழம்பும். மூன்று நாள் கழித்து, முதலில் சொல்லாத ஒன்று நினைவுக்கு வரும். குறுக்கு விசாரணையில் இதுதான் ‘முரண்பாடு’ ஆகிறது.

எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி 1980களில் ரொனால்டு ஃபிஷரும் எட்வர்டு கைசல்மனும் ஒரு முறையை வகுத்தார்கள். எல்லா வகைச் சாட்சிகளுக்கும் பொருந்துவது அது. குறுக்கிடாதே. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்க விடு. பார்த்ததோடு நிற்காமல் கேட்ட சத்தம், மூக்கில் பட்ட வாசனை வரை நினைவுகூர விடு. விடையைக் கேள்விக்குள் வைக்காதே. இந்தக் கடைசி விதியின் அருமையை 1974இலேயே எலிசபெத் லாஃப்டஸ் காட்டிவிட்டார். ஒரே கார் விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம், கார்கள் ‘இடித்தபோது’ என்று கேட்டதற்கும் ‘நொறுக்கியபோது’ என்று கேட்டதற்கும் வேகம் வேறு வேறாக விடை வந்தது. குழந்தைகளிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம். “மாமா இங்க தொட்டாரா?” என்று கேட்பவர் நல்லெண்ணத்திலேயே வழக்கைக் கெடுத்துவிடுவார். “என்ன நடந்துச்சு, எல்லாம் சொல்லு” என்பதே போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் காவலரைச் சீருடை இல்லாமல் வரச் சொல்வதும், குழந்தைக்குத் துணைநபர் ஒருவரை அமர்த்தச் சொல்வதும் இந்தப் புரிதலிலிருந்து வந்தவைதான்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. மனதில் உள்ளதையெல்லாம் உடனே கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பி, சம்பவத்துக்குப் பிறகு ஒரே அமர்வில் அனைத்தையும் பேசவைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. சோதித்துப் பார்த்தபோது அது மன அதிர்ச்சிக் கோளாறைத் தடுக்கவில்லை; சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆகவே அடக்கமானது. காது கொடு, தேவை என்னவென்று கேள், நம்புகிறேன் என்பதை உணர்த்து, பாதுகாப்பைப் பார், அடுத்த உதவிக்கு வழி காட்டு. துருவாதே.

அடுத்த உதவி என்பது பெரும்பாலும் மனம் சம்பந்தப்பட்டதாக இருப்பதில்லை. மிச்சிகனில் கிரிஸ் சல்லிவனும் டெபோரா பைபியும் நடத்திய ஆய்வு ஒன்று என் நினைவில் நிற்கிறது. அடைக்கல இல்லத்திலிருந்து வெளியேறும் 278 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற கல்லூரி மாணவிகள் பத்து வாரம் துணை நின்றார்கள். உளவியல் சிகிச்சை எதுவும் தரவில்லை. வீடு தேடினார்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதினார்கள், குழந்தைக்குப் பள்ளியில் இடம் கேட்டார்கள், வழக்கறிஞரிடம் கூடப் போனார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் எந்த வன்முறையும் இல்லாமல் வாழ்ந்தவர்கள், துணை கிடைக்காதவர்களில் இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க அலைவதை அரசு ஊழியம் என்று நினைக்கிறோம். அதற்கு உயிர் காக்கும் மருந்தின் பலன் இருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலை முதலில் எங்கே நடக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அவர்களிலும் பலர் என்றாவது ஒருநாள் மருத்துவமனைக்கு வருவார்கள். கை முறிந்து வருவார்கள், கரு கலைந்து வருவார்கள், எலி மருந்தையோ கோவைப் பக்கத்துச் சாணிப் பவுடரையோ ‘தெரியாமக் குடிச்சிட்டேன்’ என்று வருவார்கள், அடுப்பு வெடித்ததாகச் சொல்லித் தீக்காயப் பிரிவுக்கு வருவார்கள். மும்பை பாந்திராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில், செஹாட் என்ற ஆய்வு அமைப்பின் துணையோடு 2000இல் தொடங்கிய ‘திலாசா’ இப்படித்தான் பிறந்தது. வெளியாட்களை மட்டும் நம்பவில்லை. அங்கிருந்த செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்குமே காயத்துக்குப் பின்னாலிருப்பதைப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் ‘மிதுரு பியச’ என்றும், தமிழில் ‘நட்பு நிலையம்’ என்றும் இயங்குபவையும் இதே வழிதான். பலகையில் வன்முறை என்ற சொல்லே இல்லாததால், கணவனே கூட வந்திருந்தாலும் பெண் உள்ளே நுழைய முடிகிறது.

தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பாதுகாப்பு அலுவலர்களும், 181 உதவி எண்ணும், சகி ஒருங்கிணைந்த சேவை மையங்களும் உண்டு. அந்தப் பாதுகாப்பு அலுவலர் எழுதும் குடும்ப நிகழ்வு அறிக்கை ஒரு படிவம்தான். ஆனால் அதில் அடி உதையோடு, சொல்லால் புண்படுத்துவதற்கும் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதற்கும் தனித்தனி இடம் இருக்கிறது. இதெல்லாம் வன்முறையா என்று வியந்தபடியே பெண்கள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

எழுதிக்கொள்கிறவருக்கு என்ன ஆகிறது? 2004இல் டானியா சிங்கரும் சக ஆய்வாளர்களும் லண்டனில் பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, பக்கத்தில் இருந்த துணைவரின் கையில் மின்வலி கொடுத்தார்கள். பெண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வலியின் வேதனையைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதிகள் அவர்களுக்கும் விழித்துக்கொண்டன. பிறர் வலியைக் கேட்பது வெறும் பேச்சளவில் வலிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்பவர்களின் உலகப் பார்வையே மாறிவிடுவதை 1990இல் லிசா மக்கேனும் லாரி ஆன் பேர்ல்மனும் விவரித்தார்கள். கதவைத் திரும்பத் திரும்பத் தாழிட்டுப் பார்ப்பது, தன் மகளை யார் வீட்டுக்கும் அனுப்ப மறுப்பது, கேட்ட கதை தனக்கு நடந்ததுபோல் கனவில் வருவது.

பின்னால் சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த சோதனை இதில் ஒரு வாசலைத் திறந்தது. பிறர் துன்பத்தை அப்படியே உணரப் பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சுமை கூடியது. அதே ஆட்களுக்கு, துன்பப்படுபவரின் நன்மையை விரும்பும் பரிவுப் பயிற்சி கொடுத்தபோது சுமை இறங்கியது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. அவள் வலியைத் தானும் சுமப்பது ஒன்று, அவளுக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பது வேறொன்று. முன்னது ஆளைக் கரைக்கிறது. பழுத்த ஆலோசகர்கள் பலர் இரண்டாவதற்குத் தாமாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

நடுவில் அவர்களைப் பிடித்து நிறுத்துவது வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம். எந்த வழக்கு மனதை விட்டுப் போகவில்லை, எந்தப் பெண்ணின் மேல் எரிச்சல் வந்தது, யாரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று வரம்பு மீறினோம் என்றெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லும் இடம் அது. உளவியல் சிகிச்சை தருபவர்களுக்கு இது பல நாடுகளில் தொழிலின் கட்டாய அங்கம். நம் சேவை மையங்களில் பணியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். இரவு இரண்டு மணிக்கு வரும் பெண்ணுக்குக் கழுத்துப் பரிசோதனை வேண்டுமென்று அரசு மருத்துவமனைப் பணி மருத்துவரிடம் வாதாட வேண்டியவர் அந்தப் பணியாளர்தான். புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது கொடுங்கள் என்று காவல் நிலையத்தில் நிற்க வேண்டியவரும் அவரே. அடுத்த ஆண்டு தன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்பது அவருக்கே தெரியாது. அவருக்கென்று அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒரு மூத்த ஆலோசகரும் அவருக்கான பயணப்படியும் போதும்.